கேஸ் தீர்வதில்லை

சித்திரை பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்கின் போனுக்கு ஓய்வு கிடையாது. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்வார்கள்: “கூலிங் வரலைங்க, கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து ஏத்திட்டுப் போங்க.” வீட்டுக்காரர் மட்டுமில்லை, தொழிலில் இருக்கும் நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம். வண்டிக்குப் பெட்ரோல் போடுவது போல, வருடத்துக்கு ஒரு தடவை ஏசிக்குக் கேஸ் ஏற்றுவதும் ஊரில் ஒரு வழக்கமான செலவாகிவிட்டது. ஆனால் ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்பரசர் அதை அழுத்துகிறது. வெளியே இருக்கும் காயிலில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. உள்ளே இருக்கும் காயிலில் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி ஆவியாகிறது. அதே கேஸ் அதே குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் ஓட்டை விழாதவரை, தொழிற்சாலையில் அடைத்துக் கொடுத்ததே இயந்திரத்தின் ஆயுள் முழுக்கப் போதும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகிக் காற்றில் கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பூமி சூடாவதில் ஏசிக்கு இருக்கும் பங்கைக் குறைக்கப் புதிய மாடல், புதிய கேஸ், கூடுதல் ஸ்டார் என்று பலதும் பேசப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது இந்த ஒழுகலை நிறுத்துவது. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இதையே முதலில் வைப்பேன்.

ஒழுகினால் என்ன, கண்ணுக்குத் தெரிவதில்லை, வாசனை இல்லை, யாருக்கும் இருமல் வரவில்லை என்று தோன்றலாம். கணக்குப் போட்டால்தான் விஷயத்தின் கனம் தெரியும். ஒரு வாயு நூறு ஆண்டுக் காலத்தில் எவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதைக் கரியமில வாயுவோடு ஒப்பிட்டு அளப்பது உலக வழக்கம். அந்த அளவில், பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 ஏறத்தாழ 1,800 மடங்கு. அடுத்து வந்த ஆர்-410ஏ 2,000 மடங்குக்கும் சற்று மேல். இன்று கடையில் விற்கும் பெரும்பாலான ஏசிகளில் இருக்கும் ஆர்-32, 675 மடங்கு. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் 1,800 கிலோ கரியமில வாயுவை வெளியே விட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் அந்த ஒரு கிலோ கேஸ் 780 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில் அது 35,000 கிலோமீட்டர் ஓட்டம். சென்னையிலிருந்து மதுரைக்கு 38 தடவை போய்வரலாம். ஒன்றரை டன் ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் இருக்கும். ஆர்-32 என்றால் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நட்டைத் தளர்த்தினால் அது முழுவதும் வெளியேற சில நிமிடம் போதும். ஸ்கூட்டரின் புகையை அளந்து சான்றிதழ் கேட்கிறோம். இதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

இந்தக் கேஸ்களால் பூமி சூடாகும் என்று முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் எங்கள் தொழிலோடு தொடர்புடையவர் என்பது மெக்கானிக்குகளில் பலருக்கே தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், படிப்பு முடிந்ததும் செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். ஃபிரிட்ஜுக்குள் அடைத்த கேஸ் ஏன் ஒழுகிப்போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா போய்க் கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்தார். 1974இல் மொலினாவும் ரோலண்டும், குளோரோஃபுளூரோகார்பன்கள் மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டே ராமநாதன் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: அந்த வாயு பூமியின் சூட்டை என்ன செய்யும்? அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகள் அளவுக்குச் சூட்டைப் பிடிக்கும் என்பது அவர் கண்ட விடை. கரியமில வாயு மட்டும்தான் பூமியைச் சூடாக்குகிறது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆலையில் ஒழுகிய கேஸ் போய்ச் சேரும் இடத்தை, ஒழுகலைத் தேடும் வேலையில் இருந்த ஒருவரே பின்னாளில் கண்டுபிடித்தார். ஏசி மெக்கானிக் வகுப்புகளில் அழுத்த அட்டவணைக்கு முன்னால் சொல்லித்தரவேண்டியது இது என்று நினைக்கிறேன்.

1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஆனது. ஃபிரிட்ஜில் ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. ஏசியில் ஆர்-22 போய் ஆர்-410ஏ வந்தது. குளோரின் இல்லாத இந்தக் கேஸ்களால் ஓசோனுக்கு ஆபத்து இல்லை. உலக நாடுகள் சேர்ந்து ஒரு கேடு தீர வழிசெய்ததற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் சூட்டைப் பிடிக்கும் குணம் புதிய கேஸ்களிலும் இருந்தது. ஆர்-410ஏவுக்கு அது ஆர்-22ஐவிட அதிகம். அதனால்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, இந்தக் கேஸ்களையும் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவு செய்தார்கள். இந்தியா 2021இல் அதை ஏற்றது. முழுமையாக நடைமுறைக்கு வந்தால் இந்த நூற்றாண்டின் முடிவில் அரை டிகிரி வரை சூடு கூடுவதைத் தடுக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. ஒப்பந்தங்கள் எந்தக் கேஸை எவ்வளவு தயாரிக்கலாம், விற்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் கேஸ் என்ன ஆகிறது என்பதை மாண்ட்ரியலிலோ கிகாலியிலோ இருந்து யாரும் பார்க்க முடியாது. அது மாடிப் படியேறி வரும் மெக்கானிக்கின் ஸ்பேனரில் இருக்கிறது.

எங்கே ஒழுகுகிறது? முதல் சந்தேகம் எப்போதும் ஃபிளேர் நட்டின் மேல்தான். ஸ்பிளிட் ஏசியில் உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் செம்புக் குழாய்களின் முனையைக் கூம்பாக விரித்து, பித்தளை நட்டால் இறுக்கியிருப்போம். குழாயை வெட்டியதும் விளிம்பில் ஒரு பிசிறு நிற்கும். குழாயின் வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, துகள் உள்ளே விழாமல் அந்தப் பிசிறை வழித்தெடுக்கவேண்டும். எடுக்காமல் விரித்தால் கூம்பின் முகத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோட்டின் வழியே கேஸ் கசியும். பலம் கொண்டமட்டும் இறுக்கினால் கூம்பே வெடிக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கடையில் கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் கைப்பழக்கத்தை நம்புகிறோம். ஆர்-22 காலத்தில் அந்தப் பழக்கம் ஓரளவு கைகொடுத்தது. ஆர்-410ஏவும் ஆர்-32வும் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான அழுத்தத்தில் ஓடுபவை. அன்றைக்குப் பிடித்து நின்ற இணைப்பு இன்றைக்கு நிற்காது. அடுத்து காயில். கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று வெளிக் காயிலின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கிவிடும். கூவம், பக்கிங்காம் கால்வாய் போன்ற சாக்கடை நீர் ஓடும் இடங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு தொல்லை. அழுகிய நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கருக்கி அரிக்கிறது. நடுங்காமல் குளிர்ந்த இடத்தில் இருக்கும் உள் காயில்கூட அங்கே சீக்கிரம் ஓட்டையாகும். நகரத்தின் நீர்நிலை கெட்டால் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் செம்பும் கெடும் என்பது மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது. காயிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவருக்கு அது தெரியும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது மந்திரம் ஒன்றும் இல்லை. மிச்சக் கேஸைச் சிலிண்டரில் எடுத்துக்கொண்டு, குழாய்க்குள் நைட்ரஜனை 300, 400 பிஎஸ்ஐ வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் காத்திருக்கவேண்டும். (நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜனை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பரசர் எண்ணெயோடு அழுத்தத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். உயிர் போகும்.) குமிழி வருகிற இடம் ஓட்டை. குமிழி வராவிட்டாலும், கேஜில் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு, வாக்குவம் பம்பு போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கவேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்பரசரையே தின்றுவிடும். கடைசியில்தான் கேஸ், அதுவும் யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி, தராசில் வைத்து. முறையாகச் செய்தால் இதற்கு அரை நாள் ஆகும். ஓட்டையைத் தேடாமல் மேலே கேஸை மட்டும் ஏற்றினால் இருபது நிமிடம். இரண்டுக்கும் கிடைக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுக்காரரோ இருபது நிமிடத்தில் முடிப்பவரைக் கெட்டிக்காரர் என்கிறார். அடுத்த வருடமும் அவரையே கூப்பிடுகிறார். எங்கள் தொழிலில் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று பொதுவாகத் திட்டுவது சுலபம். சம்பாத்தியம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

செலவே இல்லாமல் தடுக்கக்கூடிய இழப்பு ஒன்றும் இருக்கிறது. வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்றுகிறோம். பலர் நட்டைத் தளர்த்தி, புஸ்ஸென்று போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஓடுகிற நிலையில் இருக்கும் ஸ்பிளிட் ஏசிக்கு இதற்கு அவசியமே இல்லை. இயந்திரத்தைக் கூலிங்கில் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு வால்வுகளில் சிறிய குழாயின் வால்வை ஆலன் கீ போட்டு மூடவேண்டும். கம்பரசர் தொடர்ந்து இழுப்பதால், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் கேஸ் எல்லாம் வெளி யூனிட்டுக்குள் வந்து சேரும். பெரிய குழாயில் மாட்டியிருக்கும் கேஜின் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது அந்த வால்வையும் மூடி, உடனே இயந்திரத்தை நிறுத்தவேண்டும். அவ்வளவுதான். சில நிமிட வேலை. தேவைப்படுவது ஓர் ஆலன் கீ, ஒரு கேஜ். புது வீட்டில் மாட்டும்போது அதே கேஸைத் திறந்துவிடலாம். இதற்குப் பம்ப் டவுன் என்று பெயர். வாடகை வீடுகளில் குடிமாற்றம் நிறைய நடக்கும் நகரத்தில் இந்த ஒரு பழக்கம் பரவினாலே மிச்சமாகும் கேஸ் கொஞ்சநஞ்சமாக இருக்காது. அதேபோல, புதிதாக மாட்டும்போது வாக்குவம் பம்பு போடச் சோம்பல்பட்டு, யூனிட்டில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிற பழக்கமும் ஒழியவேண்டும். காற்று போகும். ஈரம் போகாது. கேஸும் வீண்.

இந்த இடத்தில் விவரமானவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். ஏசியால் வரும் கெடுதலில் பெரும்பகுதி அது குடிக்கும் மின்சாரத்தில் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிவதை விட்டுவிட்டு ஒரு கிலோ கேஸைத் துரத்துவானேன் என்பார்கள். ஒழுகாத இயந்திரத்துக்கு இது முழுக்கச் சரி. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வருடத்துக்கு 1,000 யூனிட் இழுக்கும் ஏசி பத்து வருடத்தில் 7 டன்னுக்குக் காரணமாகிறது. அதே இயந்திரம் ஆர்-410ஏவில் ஓடி, ஓட்டை அடைபடாமல் வருடத்துக்கு அரைக் கிலோ கேஸ் மட்டும் ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் ஐந்து கிலோ. 10 டன்னுக்கும் மேல். மின்சாரத்தின் பங்கைக் கேஸ் தாண்டிவிட்டது. இரவும் பகலும் ஓடி 2,000 யூனிட் இழுக்கிற வீடாக இருந்தாலும், கேஸின் பங்கு மின்சாரத்தின் பங்கில் ஏறத்தாழ முக்கால்வாசி இருக்கும். ஆக, மின்சாரம் பெரிதா கேஸ் பெரிதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. பராமரித்த இயந்திரத்தில் மின்சாரம் பெரிது; ஒழுகுகிற இயந்திரத்தில் கேஸ் பெரிது. எங்களைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

மின்சாரத்தையும் கேஸையும் பிரித்துப் பேசுவதே முழு உண்மை இல்லை. கேஸ் குறைந்த இயந்திரம் அதே குளிர்ச்சிக்குக் கூடுதல் நேரம் ஓடும். பழைய மாடல்களில் இது சீக்கிரம் தெரிந்துவிடும்: அறை குளிராது, சிறிய குழாயில் பனி படியும். (பனி படிவதைப் பார்த்துக் கூலிங் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கேஸ் குறைந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.) இன்வெர்ட்டர் ஏசியில் இது மறைந்துகொள்ளும். கேஸ் குறையக் குறையக் கம்பரசர் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும். அறை குளிர்ந்துகொண்டே இருக்கும். கரண்ட் பில் மட்டும் ஏறும். குளிர்ச்சி குறைகிறபோதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் கேஸில் கணிசமான பகுதி போயிருக்கும். வெளி யூனிட் வைக்கும் இடத்தாலும் இதே போன்ற இழப்புதான். ஏசியின் திறனை 35 டிகிரி வெளிச்சூட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அழகு கெடக் கூடாது என்று, காற்றோட்டமில்லாத குறுகிய சந்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லா வீட்டு யூனிட்டுகளையும் அடுக்கிவிடுகிறார்கள். கீழ் வீட்டு இயந்திரம் தள்ளும் அனலை மேல் வீட்டு இயந்திரம் உள்ளே இழுக்கிறது. அந்தச் சந்தில் மே மாதப் பிற்பகலில் 35 டிகிரியை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அழுத்தம் ஏறி, அதே அழுத்தத்தில் பலவீனமான இணைப்பு முதலில் கசியத் தொடங்கும். கட்டட வரைபடம் போடுகிறவர் சேர்க்காமல் விட்ட இரண்டடி இடைவெளி, மின்சாரமாகவும் கேஸாகவும் வருடக்கணக்கில் செலவாகிறது.

இரண்டாவது ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருவது. ஏசியே ஆடம்பரம்; அதைச் சரியாகப் பராமரிப்பது பற்றி என்ன பேச்சு, நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள் என்பார்கள். இதைச் சொல்கிறவர்களின் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியாது. காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிய பிறகு உடம்பைக் காப்பது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். கடலோர நகரங்களில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. மின்விசிறி சூட்டுக் காற்றையே மேலே கொட்டும். முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள், தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வெறும் சடங்குக்காக இல்லை. அந்த ஆண்டில் பூமியின் சராசரிச் சூடு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போயிருந்தது. அதே 2024இன் மே 2ஆம் தேதி மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அறுவை அரங்கும் தடுப்பூசிக் கிடங்கும் பால் குளிரூட்டும் நிலையமும் மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் ஆலையும் இதே தொழிலில்தான் ஓடுகின்றன. இந்தியாவின் குளிரூட்டல் செயல்திட்டம் 2019இல் வெளிவந்தபோது நூற்றுக்கு எட்டு வீடுகளில்தான் ஏசி இருந்தது. மிச்சமுள்ள வீடுகளைப் பார்த்து, நாங்கள் வாங்கிவிட்டோம், நீங்கள் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2018இல் 160 கோடியாக இருந்த உலகின் ஏசிகள் 2050இல் 560 கோடியாகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. அந்த எண்ணிக்கை வரத்தான் போகிறது. அவை ஒழுகுமா ஒழுகாதா என்பதில்தான் நமக்குச் செய்ய ஏதோ இருக்கிறது.

ஏசியின் தேவையைக் குறைக்க முடிகிற இடத்தில் குறைக்கவேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் மேல்மாடி அறையில் இயந்திரத்தின் வேலை குறைவதை எங்கள் கேஜிலேயே பார்க்கலாம். தெலங்கானா 2023இல் இதற்கென்றே ஒரு கூரைக் கொள்கை கொண்டுவந்தது. ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 24இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் போதும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தச் சூட்டை யாரைவிடவும் அதிகமாக உடம்பில் வாங்குகிறவர்களில் ஏசி மெக்கானிக்கும் ஒருவர். ஊரே அறைக்குள் ஒடுங்கும் நேரத்தில்தான் அவர் மொட்டைமாடித் தளத்திலோ, கயிறுகூட இல்லாமல் ஜன்னல் மேல் தளத்திலோ நின்று, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பார். அந்த நிலையில் ஒருவர் அரை நாள் வேலையை இருபது நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பதை, சம்பளக் கணக்கோடு சேர்த்து உடம்பின் கணக்கிலும் வைக்கவேண்டும்.

மூன்றாவதாக, விற்பனைக் கடையில் கேட்கும் வாதம்: பழசைத் தூக்கிப்போட்டு ஐந்து ஸ்டார் வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது. மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் வருடத்தில் 200லிருந்து 250 யூனிட் வரை வித்தியாசம் என்று வைத்தால், மிச்சமாவது 140லிருந்து 175 கிலோ கரியமில வாயு. நல்ல மிச்சம்தான். ஆனால் பழைய ஏசியைக் கழற்றும்போது அதிலிருக்கும் ஒரு கிலோ ஆர்-22 திறந்துவிடப்பட்டால், அந்த 1,800 கிலோவை ஈடுகட்டப் புதிய இயந்திரம் பத்து வருடத்துக்கு மேல் ஓடவேண்டும். அதற்குள் அதுவே பழையதாகியிருக்கும். புதியதில் இருக்கும் 800 கிராம் ஆர்-32 சரியாக இறுக்காத ஒரு நட்டால் வெளியேறினாலும் மூன்று நான்கு வருட மிச்சம் போச்சு. கேஸை மாற்றினால் போதாதா என்று கேட்டால், அதிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆர்-290, அதாவது சுத்திகரித்த புரொப்பேன், சூட்டைப் பிடிப்பதில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. கோத்ரெஜ் நிறுவனம் 2012 முதல் அதில் ஓடும் ஏசிகளை விற்றுவந்திருக்கிறது. ஆனால் புரொப்பேன் தீப்பற்றும். ஆர்-32வும் ஓரளவு தீப்பற்றக்கூடியதே. ஆர்-22 ஒழுகினால் வானம் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. இனி வரும் கேஸ்கள் ஒழுகினால் அறையில் இருப்பவருக்கே ஆபத்து. எனவே கேஸ் மாறும்போது ஒழுகாத வேலைக்கான தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. விலை மலிவு என்று ஆர்-22 இயந்திரத்தில் புரொப்பேன் கலவையை ஏற்றுகிறவர்கள், அதற்காக வடிவமைக்கப்படாத மின்பாகங்களுக்குப் பக்கத்தில் எரிவாயுவைச் சுற்றவிடுகிறார்கள் என்பதை உணரவேண்டும்.

மிச்சமிருப்பது, யார் செலவு செய்வது என்ற கேள்வி. கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் பல ஆயிரம் ரூபாய். டூவீலரில் ஒரு பையும் ஒரு சிலிண்டருமாகப் போய்வரும் தனி மெக்கானிக்கால் அதை வாங்கவும் முடியாது, வாங்கினாலும் பிடித்த கேஸைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்குப் பக்கத்தில் இடம் கிடையாது. கம்பெனிகளுக்காக வேலை செய்பவர்களுக்கு முடித்த கம்ப்ளெயின்ட் எண்ணிக்கைப்படி பணம். ஓட்டையைத் தேடும் நேரம் அவருக்குச் சொந்த நஷ்டம். ஆகவே மெக்கானிக்கின் மனசாட்சியை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது. பிற நாடுகள் நம்பவும் இல்லை. அமெரிக்காவில் 1992 ஜூலையிலிருந்து சர்வீஸின்போது ஆர்-12, ஆர்-22 போன்ற கேஸ்களைத் தெரிந்தே காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். சான்றிதழ் இல்லாதவர் கேஸ் வாங்க முடியாது. ஜப்பானில் 2001 முதல், பழைய ஏசியைக் கழிக்கிறவர் மறுசுழற்சிக்குக் கட்டணம் கட்டுகிறார்; அந்தப் பணத்தில் முதலில் நடப்பது கேஸைப் பிடிப்பது. நம் குளிரூட்டல் செயல்திட்டமும் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சி என்று எழுதியிருக்கிறது. பயிற்சி அவசியம். பம்ப் டவுனையும் நைட்ரஜன் சோதனையையும் ஓர் இளைஞருக்குச் சொல்லித்தர அதிக நாள் வேண்டாம். ஆனால் பயிற்சி பெற்றவர் வீட்டு வாசலுக்கு வந்ததும், ஓட்டையைத் தேடுவதற்குத் தனிக் கூலி உண்டு என்ற விலைப்பட்டியல் கையில் இல்லாவிட்டால், கற்றது சான்றிதழோடு நின்றுவிடும்.

அதனால் நான் கேட்பது மிகச் சாதாரணமான மாற்றங்கள். கேஸ் ஏற்றும் ஒவ்வொரு பில்லிலும் மூன்று விஷயம் எழுதப்படவேண்டும்: எந்தக் கேஸ், எத்தனை கிராம், ஓட்டை எங்கே இருந்தது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் வீட்டுக்காரர் கேள்வி கேட்கலாம். ஒரே இயந்திரத்துக்கு இரண்டு வருடம் தொடர்ந்து கேஸ் ஏற்றியிருந்தால் அது அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும். ஓட்டை தேடும் கூலி, கேஸின் விலையிலிருந்து பிரித்துத் தனியாக எழுதப்படவேண்டும். கம்பெனிகள் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதே முறையில் கொடுக்கவேண்டும். கேஸ் மொத்தமாக விற்கும் கடைகளே பிடித்துவந்த பழைய கேஸை எடை போட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். காலிச் சிலிண்டரைத் திருப்பி வாங்கும் கடைக்கு இது புதிய பழக்கமாக இருக்காது. வியாபாரக் கணக்கும் இந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. கிகாலி ஒப்பந்தப்படி இந்தியாவில் இந்தக் கேஸ்களின் அளவு 2028இல் உச்சவரம்பில் நிறுத்தப்படும். 2032இல் 10 சதவீதமும், 2037இல் 20 சதவீதமும், 2042இல் 30 சதவீதமும், 2047இல் 85 சதவீதமும் குறையவேண்டும். வரத்து குறையும் பொருளை வருடாவருடம் காற்றில் விட்டுவிட்டு மறுபடி வாங்கும் வழக்கம் எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. ஆர்-22இல் ஓடும் புதிய ஏசிகளைத் தயாரிப்பது இந்தியாவில் 2025 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஏற்கெனவே மாட்டியிருப்பவை ஒவ்வொன்றாக அடுத்த சில ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைகளுக்கு வரும். அங்கே எடைக்கு முன்னால் முதலில் நடப்பது செம்புக் குழாயை வெட்டுவது. அந்த வெட்டுக்கு முன்னால் கேஸைப் பிடித்துக்கொள்ள, மாவட்டத்துக்கு ஒரு மையமாவது இப்போதே தொடங்கப்படவேண்டும். பழைய இயந்திரத்தை வாங்கும் கடைக்காரருக்கு, பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் செம்புக்குக் கிடைப்பது போல ஒரு விலை கிடைக்கவேண்டும்.